ஊமை மைக்

தன் சகலையும் அந்தப் பதவிக்கு மனுப் போட்டிருக்கிறான் என்பது சாவிக்கு அலுவலகத்தில் தெரியவில்லை. வீட்டில், காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்த மனைவி போகிறபோக்கில் சொல்லித்தான் தெரிந்தது.

"அவரும் போட்டிருக்காராமே," என்றாள்.

"யாரு? எதுக்கு?"

"என் தங்கச்சி வீட்டுக்காரர்தான். உங்க பிரிவுத் தலைவர் ஓய்வுல போறார்ல, அந்த இடத்துக்கு. இப்பத்தான் தங்கச்சி போன்ல சொன்னா."

சாவி கையிலிருந்த செய்தித்தாளை மடித்தார். மடித்ததை மறுபடியும் விரித்தார்.

"மேல திட்டப் பிரிவுல இருக்கிறவனுக்கு எதுக்கு அந்த இடம்?"

"எனக்கென்ன தெரியும். சும்மா போட்டுப் பாப்போம்னு போட்டாராம். அவருக்குத்தான் எதைத் தொட்டாலும் கூடி வந்துடுதே."

அவள் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. தலையணை உறையை உதறிக்கொண்டே, மழை வரும்போலிருக்கிறது என்பதைப்போலச் சொன்னாள். அதனால்தான் அது தங்குதடையில்லாமல் உள்ளே இறங்கியது.

சாவி என்பது அவருடைய பெயர் இல்லை. இடுப்பில் தொங்கும் கொத்தால் வந்த பட்டம். அமைச்சரின் அறையிலிருந்து துடைப்பம் வைக்கும் அலமாரிவரை அந்தக் கட்டடத்தில் பூட்டக்கூடிய எல்லாவற்றுக்கும் ஒரு சாவி அதில் இருந்தது. ஆள் வருவதற்கு முன்னால் சத்தம் வந்துவிடும். மேசையில் தலை சாய்த்துக் கண்ணயர்ந்தவர்கள் நிமிர்ந்து உட்கார அது ஒரு வசதி.

அமைச்சகம் என்றால் கொள்கை, அறிக்கை, கையெழுத்து என்று வெளியில் இருப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள். உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியும், கழிப்பறைக் குழாயில் தண்ணீர் நின்றுபோனால் மதியத்துக்குள் எந்தக் கொள்கையும் நகராது. தண்ணீரும் மின்விளக்கும், காரும் ஓட்டுநரும், அச்சு மையும் தாளும், தபாலும் தேநீரும், நாற்காலியும் அதன் உடைந்த காலும் எல்லாம் தரைத்தளத்தில் மாடிப்படிக்குப் பின்னால் ஒடுங்கிக் கிடந்த பொதுப் பிரிவின் பொறுப்பு. அங்கே எதுவும் நன்றாக நடந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். நடக்காவிட்டால் எல்லா மாடியிலிருந்தும் ஒரே நேரத்தில் தொலைபேசி அடிக்கும்.

இந்தப் பிரிவில் சாவி இளநிலை உதவியாளராக நுழைந்தவர். மூன்று தலைவர்கள் அவருக்கு மேலே வந்து போய்விட்டார்கள். ஒவ்வொருவரும் எங்கிருந்தோ வந்தார்கள், வேலையை அவரிடம் கற்றுக்கொண்டார்கள், ஓய்வுபெற்றபோது மாலை போட்டுக்கொண்டு போனார்கள். மாலையை வாங்கிவந்தவரும் அவரே. இந்த முறை வெளியிலிருந்து யாரும் இல்லை, நம்மை விட்டால் ஆளில்லை என்று அவர் மனத்துக்குள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பலநாள் ஆகிவிட்டது. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் கிடந்த சுழல் நாற்காலி அது. பெரிய பதவி என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அதில் உட்கார்ந்தவரிடம் மேல்மாடிக்காரர்கள் "கொஞ்சம் பாத்துப் பண்ணுங்க" என்று வந்து நிற்பார்கள். அவருக்கு வேண்டியது அந்த ஒரு வாக்கியம்தான்.

இப்போது அதில் சகலை உட்கார்ந்தால்? தன் மனைவியின் தங்கையைக் கட்டியவன், தன்னைவிட வயதில் இளையவன், குடும்ப விசேஷங்களில் மாமனார் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்கிறவன், அங்கேயும் தனக்கு மேலே வந்து உட்கார்ந்தால்?

செயலாளர் மேடம் விஷயத்தைத் தள்ளிவைத்திருந்தார். அமைச்சகத்தின் ஆண்டு ஆய்வுக் கூட்டம் நெருங்கிக்கொண்டிருந்தது. "கூட்டம் முடியட்டும், அப்புறம் பாக்கலாம்" என்று சொன்னதாகச் செய்தி கீழே இறங்கிவந்தது. கூட்டத்தில் எல்லாப் பிரிவுகளின் வேலையையும் தொகுத்து வாசிக்கும் பொறுப்பு திட்டப் பிரிவிலிருந்த சகலைக்கு. கூட்ட அரங்கைத் தயார்செய்யும் பொறுப்பு சாவிக்கு. ஒருவர் மேசையில் உட்கார்ந்து பேசப்போகிறார், இன்னொருவர் அந்த மேசையைத் துடைக்கச் சொல்லப்போகிறார். எதைப் பார்த்துப் பதவி கொடுப்பார்கள் என்று தெரிந்துகொள்ளப் பெரிய மூளை தேவையில்லை.

சகலை ஒருநாள் கீழே இறங்கிவந்தான். வரும்போதே வாசலில் தபால் பிரிப்பவரிடம் ஒரு கிண்டல், தட்டச்சு செய்யும் அம்மாவிடம் அவர் மகள் தேர்வைப் பற்றி ஒரு விசாரிப்பு. இதே ஆட்களோடு நாள்முழுக்கக் கிடக்கும் சாவிக்கு அந்த அம்மாவின் மகள் என்ன படிக்கிறாள் என்பதுகூட அப்போதுதான் தெரிந்தது.

"என்ன சகல, ஆளையே காணோம்," என்று எதிரில் உட்கார்ந்தான்.

"இங்கதான இருக்கேன். கீழ பாத்தாத்தான தெரியும்," என்றார் சாவி.

சகலை சிரித்தான். அவனுக்கு எதைச் சொன்னாலும் சிரிப்பு வரும். அதுவே பாதி எரிச்சல்.

"உங்க பிரிவுக்கு நானும் மனுப் போட்டிருக்கேன், அக்கா சொல்லியிருப்பாங்க. மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க. மேல உக்காந்து அறிக்கை எழுதி எழுதிக் கண்ணு பூத்துப்போச்சு. இங்க வந்தா நாலு மனுஷங்க முகத்தைப் பாக்கலாம்."

"சேச்சே, இதுல மனசுல வைக்க என்ன இருக்கு," என்றார் சாவி. வாயால் 'நீங்க' என்றும் மனத்துக்குள் 'அவன்' என்றும் சொல்லிப் பழகிய உறவு அது. மரியாதை உதட்டோடு நின்றுவிடும்.

"ஒரு உதவி சகல. கூட்டத்துல எனக்கு நல்ல மைக்கா பாத்துப் போட்டுடுங்க. எனக்குப் பேச வராது. எழுதி வெச்சதைக் குனிஞ்சு படிச்சுட்டு உக்காந்துடுவேன். அதாவது ஒழுங்கா கேக்கணுமில்ல. கொஞ்சம் பாத்துப் பண்ணுங்க."

எந்த வாக்கியத்துக்காகச் சாவி காத்திருந்தாரோ அதே வாக்கியம். நாற்காலி கைக்கு வருவதற்கு முன்னால், அதைப் பறிக்க வந்தவன் வாயிலிருந்தே வந்தது. அதற்கு மகிழ்வதா, நொந்துகொள்வதா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

"அதெல்லாம் நான் பாத்துக்கிறேன், நீங்க போங்க," என்றார்.

கூட்ட அரங்கின் மைக்குகளைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். நீள்வட்ட மேசையைச் சுற்றி ஒவ்வோர் இருக்கைக்கு முன்னாலும் ஒரு மைக் இருந்தது. பொத்தானை அமுக்கினால் எல்லாவற்றிலும் சிவப்பு விளக்கு எரியும். ஆனால் நாலைந்தில் விளக்கு மட்டும்தான் எரியும், சத்தம் வராது. அவற்றுக்குப் பொதுப் பிரிவில் ஊமை என்று பெயர். புதியவை வேண்டுமென்று அனுப்பிய கோப்பு நிதிப் பிரிவில் படுத்திருந்தது. தட்டி எழுப்பினால் ஒரு கேள்வியோடு கீழே வரும், பதில் எழுதி அனுப்பினால் மறுபடி போய்ப் படுத்துக்கொள்ளும்.

அதனால் சாவியும் மின்பணியாளரும் சேர்ந்து ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். கூட்டத்துக்கு முன்னால் யார் எங்கே உட்காருவார் என்று பார்ப்பார்கள். வாயே திறக்காத விருந்தாளிக்கு ஊமை. பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாத ஆளுக்கும் ஊமை. அப்படிப்பட்டவர் ரெண்டு தடவை தட்டிப் பார்த்துவிட்டு, சரி பரவாயில்லை என்று சுருக்கமாக முடித்துவிடுவார். கூட்டங்கள் நேரத்தோடு முடிவதற்கு மேடத்தின் கண்டிப்புதான் காரணம் என்று மாடியில் பேசிக்கொண்டார்கள். கீழே யாரும் அதை மறுக்கவில்லை.

கூட்டத்துக்கு முந்தைய மாலை எல்லோரும் கிளம்பிய பிறகு சாவி அரங்குக்குத் தனியாகப் போனார். சகலையின் பெயர்ப்பலகை இருந்த இடத்தில் ஒரு நல்ல மைக் நின்றிருந்தது. மின்பணியாளர் பார்த்துப் பார்த்து வைத்தது. சாவி அதன் அடியில் கைவிட்டுக் கழற்றினார். எதிர்வரிசையிலிருந்த ஊமையைக் கொண்டுவந்து அங்கே செருகினார். திருகை முறுக்கும்போது தலைமுடிவரை ஏதோ இனித்தது. குனிஞ்சு படிக்கிறானாம். படிக்கட்டும். யார் காதில் விழுகிறதென்று பார்ப்போம்.

"அண்ணே, அது ஊமையாச்சே."

மின்பணியாளர் வாசலில் நின்றிருந்தார். அவரைக் கட்டடம் முழுக்கக் கம்பி என்று கூப்பிடும். ஒல்லியாக இருப்பதாலா, கம்பியோடு வேலை செய்வதாலா, கூப்பிட்ட நேரத்தில் கம்பி நீட்டிவிடுவதாலா என்பதில் பல கருத்துகள் உண்டு. அன்றைக்கென்று நீட்டாமல் நின்றிருந்தார்.

"தெரியும்," என்றார் சாவி.

கம்பி கிட்டே வந்து பலகையைப் பார்த்தார். "உங்க சகலையில்ல?"

"பலகையில என்ன போட்டிருக்கோ அவர்தான்."

"வீட்ல ஏதும் தகராறா?"

"உன் வேலையைப் பாருய்யா."

"நான் என் வேலையைத்தான் பாக்க வந்தேன். நீங்க எந்த வேலையைப் பாக்கிறீங்கன்னுதான் புரியல." கம்பி தலையைச் சொறிந்தார். பிறகு, "சரி, நான் எதையும் பாக்கல. ஆனா நாளைக்கு மைக் வேலை செய்யலன்னா என்னைத்தான் கேப்பாங்க, அதையும் யோசிச்சுக்குங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதைச் சாவி அதுவரை யோசிக்கவில்லை. இப்போது யோசித்தும், திருகில் வைத்த கை அதைக் கழற்றவில்லை.

மறுநாள் அரங்கு நிறைந்திருந்தது. நடுவில் அமைச்சர், பக்கத்தில் மேடம், சுற்றிலும் பிரிவுத் தலைவர்கள், வெளி அமைச்சகங்களிலிருந்து வந்த விருந்தாளிகள். சாவி எப்போதும்போலக் கதவோரம், விளக்குப் பொத்தான்களுக்குக் கீழே நின்றார். அது அவருடைய இடம். அங்கிருந்து எல்லோருடைய பிடரியும் தெரியும்.

சகலையின் முறை வந்தது. பொத்தானை அமுக்கினான். சிவப்பு எரிந்தது. "மாண்புமிகு" என்று வாயசைந்தது. சத்தமில்லை. தட்டினான். இன்னொரு தடவை தட்டினான். அமைச்சர் காதைச் சாய்த்தார். பக்கத்து விருந்தாளி தன் மைக்கை நகர்த்தித் தரப் பார்த்தார், ஒயர் எட்டவில்லை. சகலையின் காதுமடல் சிவந்தது.

அப்போது சகலை நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தான்.

"வீட்ல நான் பேசினாலும் யாருக்கும் கேக்கிறதில்ல, அங்க பழகினதுதான்," என்றான். "கொஞ்சம் சத்தமாவே சொல்லிடறேன், மன்னிக்கணும்."

அமைச்சர்தான் முதலில் சிரித்தார். அவர் சிரித்த பிறகு மற்றவர்களுக்கும் சிரிப்பு வந்தது. நின்றுகொண்டு படிக்கத் தாள் தாழ்வாக இருந்தது போலும், அதை மேசையிலேயே விட்டுவிட்டான். மேசையைச் சுற்றி நடக்க ஆரம்பித்தான். ஒவ்வொரு பிரிவுத் தலைவரின் நாற்காலிக்குப் பின்னாலும் நின்று, இவர்கள் இந்த ஆண்டு இதைச் செய்தார்கள், இங்கே தடுமாறினார்கள், இப்படி எழுந்தார்கள் என்று கதைபோலச் சொன்னான். குரல் முதலில் கரகரத்தது, பிறகு தெளிந்தது. வழக்கமாக இந்நேரம் கொட்டாவி விடும் விருந்தாளிகள் கழுத்தைத் திருப்பித் திருப்பி அவனைப் பின்தொடர்ந்தார்கள்.

சுற்று முடியும் இடத்தில் கதவு இருந்தது.

"கடைசியா ஒரு பிரிவு இருக்கு. அவங்களுக்கு இந்த மேசையில நாற்காலி கிடையாது," என்றான் சகலை. சாவியின் கையைப் பிடித்து இரண்டடி முன்னால் இழுத்தான். "நாம உக்கார்ற நாற்காலி, குடிக்கிற தண்ணி, தலைக்கு மேல எரியற விளக்கு, எல்லாம் இவங்க. ஒருநாள் இவங்க வரலன்னா நாமெல்லாம் வாசல்ல நிக்கணும். சாவி இவர்கிட்டதான் இருக்கு."

அரங்கு கைதட்டியது. அமைச்சரும் தட்டினார். சாவிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. இவ்வளவு காலத்தில் அந்த அரங்கில் அவருக்குக் கிடைத்த முதல் கைதட்டு. அதையும் அவன்தான் கொடுத்தான், தன் பையிலிருந்து எடுத்துத் தருகிறவனைப்போல. நாலு பேருக்கு முன்னால் அறைந்திருந்தால்கூட வாங்கிக்கொண்டு போயிருப்பார்.

கூட்டம் கலைந்ததும் மேடம் அவரைக் கூப்பிட்டார். "மைக் ஏன் வேலை செய்யல?"

"புதுசு கேட்டுக் கோப்பு அனுப்பி நாளாச்சு மேடம். நிதிப் பிரிவுல இருக்கு," என்றார். பொய்யில்லை. நாக்கும் தடுமாறவில்லை. மேடம் நிதிப் பிரிவுத் தலைவரைத் திரும்பிப் பார்த்த பார்வையில், பல பருவம் தூங்கிய கோப்பு அன்று மாலையே கையெழுத்தோடு எழுந்து வந்துவிட்டது. பொதுப் பிரிவு அதைக் கொண்டாடியது. கம்பி மட்டும் சாவியைப் பார்த்து, "உங்க ராசி அண்ணே," என்றார்.

சகலை அன்றே கீழே வந்து தோளில் கைபோட்டான். "அந்த மைக் மட்டும் வேலை செஞ்சிருந்தா நான் தொலைஞ்சேன் சகல. குனிஞ்சு முணுமுணுன்னு படிச்சுட்டு வந்திருப்பேன். எனக்கு இப்படியெல்லாம் பேச வரும்னு எனக்கே தெரியாது." அவன் முகத்தில் ஏதாவது சந்தேகம் இருக்கிறதா என்று சாவி துருவிப் பார்த்தார். துளிகூட இல்லை. சந்தேகப்பட்டுச் சண்டைக்கு வந்திருந்தால் எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

அடுத்த வாரம் இரண்டு உத்தரவுகள் வந்தன. சகலை செயலாளரின் தனி அலுவலராக மேல்மாடிக்குப் போகிறான். பொதுப் பிரிவுத் தலைவராகச் சாவி.

மேடத்தின் அறையில் என்ன நடந்தது என்பதை அங்கே தேநீர் கொண்டுபோனவர் சொன்னார். சகலையின் மனுவைப் பார்த்துவிட்டு மேடம், "இவரையா கீழ அனுப்பறது? இவர் எனக்கு வேணும்," என்றாராம். அப்படியானால் பொதுப் பிரிவுக்கு யார் என்று துணைச் செயலாளர் கேட்டிருக்கிறார். "வேற யாரு இருக்கா, அங்க இருக்கிறவரையே போட்டுடுங்க."

வீட்டில் மனைவி பாயசம் செய்தாள். தங்கைக்குப் போன்போட்டு வாழ்த்திவிட்டு வந்து, கணவனுக்கும் ஒரு கிண்ணத்தில் வைத்தாள்.

"ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல. எவ்வளவு நல்லாருக்கு பாருங்க."

"எனக்குக் கிடைச்சது அவன் வேண்டாம்னு விட்டது," என்றார் சாவி.

"அவர் எங்க விட்டார், அவரை மேல தூக்கிட்டாங்க." சொல்லிவிட்டு அவளே யோசித்தாள். "ஏங்க, நீங்க கேட்டது கிடைச்சுதா இல்லையா?"

"கிடைச்சுது."

"அப்புறம் ஏன் கசாயம் குடிக்கிற மாதிரி குடிக்கிறீங்க?"

சுழல் நாற்காலியில் உட்கார்ந்து அவர் போட்ட முதல் கையெழுத்து, செயலாளரின் தனி அலுவலருக்கு அறை தயார்செய்யும் ஆணைக்கு. கண்ணாடி பதித்த மேசை, முதுகு உயர்ந்த நாற்காலி, திரைச்சீலை, தரைவிரிப்பு, நேரடித் தொலைபேசி. விதிப்படி எல்லாம் உண்டு. இரண்டு அறைகள் காலியாக இருந்தன. ஒன்று மின்தூக்கி இயந்திரத்துக்குப் பக்கத்தில், நாள்முழுக்கக் கடகடவென்றிருக்கும். இன்னொன்றில் மரத்தைப் பார்த்த சன்னல். சாவி பேனாவை இரண்டுக்கும் நடுவில் வெகுநேரம் வைத்திருந்தார். கடகட அறையைக் கொடுத்தால் அவன் அதிலும் உட்கார்ந்து எப்படியாவது பெயர் வாங்கிவிடுவான் என்று தோன்றியது. சன்னல் அறையை எழுதினார்.

அவன் பொறுப்பேற்கும் நாளுக்கு முன்னால் அறையை நேரில் பார்க்கப் போனார். விரிப்பு சுருக்கமில்லாமல் கிடந்தது. திரை சரியான நீளம். நாற்காலியைச் சோதிக்க வேண்டியது தலைவரின் கடமை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அதில் உட்கார்ந்தார். முதுகு முழுக்கத் தாங்கியது. கீழே இருக்கும் அவருடையது தோளோடு நின்றுவிடும். கண்ணை மூடினார்.

"வணக்கம் சார்."

வாசலில் புதிதாகச் சேர்ந்த அலுவலக உதவியாளர், நடுவயதுக்காரர், சலவைச் சட்டையில் விறைப்பாக நின்றார். "நீங்க நாளைக்குத்தான் வருவீங்கன்னு சொன்னாங்க சார். நான்தான் இந்த அறைக்கு. தேநீர் கொண்டுவரட்டுங்களா?"

நான் கீழே பொதுப் பிரிவு என்று சொல்ல ஒரு நொடிகூட ஆகாது.

"கொண்டாங்க," என்றார் சாவி.

தேநீர் பீங்கான் கோப்பையில், தட்டோடு வந்தது. தரைத்தளத்தில் கண்ணாடிக் குவளைதான் வரும். உதவியாளர் கதவைச் சாத்திவிட்டுப் போனார். இரண்டு வாய் குடித்திருப்பார், மேசையில் தொலைபேசி அடித்தது.

"வணக்கம், பொதுப் பிரிவுலேர்ந்து பேசறோம். புது லைன் வருதான்னு பாக்கிறோம் சார்," என்றது அவருடைய பிரிவின் குரல், அவர் சொல்லிக்கொடுத்த அதே பணிவோடு. "அங்க யார் சார் பேசறது?"

அவர் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. ரிசீவரை மெதுவாக வைத்துவிட்டார்.

சத்தம் வராத லைனை அவருடைய ஆட்கள் அப்படியே விடமாட்டார்கள். அவர் மிச்சத் தேநீரோடு உட்கார்ந்திருக்கும்போதே கதவு திறந்தது. தோளில் கருவிப்பையோடு கம்பி. அவர் சாவியைப் பார்த்தார், முதுகு உயர்ந்த நாற்காலியைப் பார்த்தார், பீங்கான் கோப்பையைப் பார்த்தார். பிறகு வந்து ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தார்.

"லைன் சரியாத்தான் இருக்கு அண்ணே."

"தெரியும்."

கம்பி ரிசீவரை வைத்தார். பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு கதவுவரை போனவர், கைப்பிடியில் கைவைத்தபடி நின்றார்.

"குடிச்சு முடிங்க," என்றார். "நான் வெளிய நிக்கிறேன். யாராவது வந்தா, உள்ள வேலை நடக்குதுன்னு சொல்லிக்கிறேன்."